வாயில் ஆணியும் கையில் சுத்தியலும்

காகிதத்தைச் சேர்த்துப் பிடிக்கப் பிறந்த ஒரு பொருள், கூரை ஏறி வீடு கட்டப் போன கதை இது. 30 ஆண்டுகள் கட்டட வேலைகளை மேற்பார்த்தவன் என்பதால், கருவிகளின் பூர்வீகத்தைத் தேடுவது எனக்கு ஓய்வுக்காலப் பொழுதுபோக்கு.

அமெரிக்காவில் ஜார்ஜ் மெக்கில் 1879-இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில், தடவைக்கு ஒரே ஒரு பின்னைத்தான் வைத்து அழுத்த முடியும். 1896-இல் தாமஸ் பிரிக்ஸ், கம்பிச் சுருளிலிருந்து வெட்டி வளைத்துப் புத்தகம் தைக்கும் இயந்திரம் செய்தார். அவருடைய பாஸ்டன் வயர் ஸ்டிச்சர் கம்பெனிதான் பிற்பாடு பாஸ்டிச் ஆயிற்று. பின்களைக் கோந்தால் வரிசையாக ஒட்டும் வழக்கம் வந்த பிறகு, ஒருமுறை நிரப்பிப் பலமுறை அடிக்க முடிந்தது.

அதுவரை தொழிலாளி பாடு என்ன? சோபா வேலைக்காரர்கள் ஒரு பிடி குட்டை ஆணியை வாயில் போட்டுக்கொள்வார்கள். நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளி, காந்த முனைச் சுத்தியலில் ஒட்டவைத்து அடிப்பார்கள். ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்கும், மறு கையில் சுத்தியல். ஆணி எடுக்க மூன்றாவது கை ஏது? நம்மூர் குஷன் கடைகளிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். பல் தேயும், விழுங்கிவிடும் பயமும் உண்டு.

அந்த மூன்றாவது கைதான் சுத்தியல் ஸ்டேப்ளர். விசை கிடையாது. தலை பலகையில் மோதியதும், உள்ளிருக்கும் தகடு வரிசையிலிருந்து ஒரு பின்னை வெட்டி உள்ளே இறக்கும். ஸ்பிரிங் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்.

அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்தபோது, பக்கத்து மனையில் மரச்சட்ட வீடு எழும்புவதைத் தினமும் பார்த்தேன். சரிவான கூரைப் பலகை மேல் தார்க் காகிதம் விரிப்பார்கள். காற்று தூக்குமுன் அதைப் பிடித்தாக வேண்டும். ஒரு கையால் அழுத்தி, மறு கையால் 'டப் டப்' என்று அடித்தபடி நகர்ந்துகொண்டே இருந்தார் ஒருவர். செங்கல்லும் கான்கிரீட்டுமான நம் வீடுகளில் இதற்கு அவ்வளவு வேலையில்லை. மரப்பலகை உள்ள இடத்தில்தான் இதற்கு மவுசு.

வாங்க நினைப்பவர்களுக்கு என் கணக்கு இது. முதலில் பின்னைப் பாருங்கள், பிறகு கருவியை. டி50 வகைப் பின் பரவலானது. எந்த வகையானாலும் உள்ளூர்க் கடையில் தடையின்றிக் கிடைக்க வேண்டும். மெல்லிய காகிதத்துக்கு 8 மி.மீ. கால் போதும், தடித்த விரிப்புக்கு 10 அல்லது 12. கையில் எடுத்து 20 முறை ஓங்கிப் பாருங்கள். மணிக்கட்டு வலித்தால் நாளெல்லாம் அடிப்பவர் கதி என்ன? சிக்கிய பின்னை எளிதில் எடுக்க முடிகிறதா என்றும் கேளுங்கள்.

குறி தவறக்கூடாத வேலைக்கு இது ஆகாது; அங்கே கன் டேக்கர்தான். மின் வயருக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. பாரம் தாங்கும் இடத்தில் ஆணியும் திருகும்தான். பலத்த காற்றடிக்கும் ஊர்களில் கூரை விரிப்புக்கும் தொப்பி ஆணியே நல்லது. வெறும் பின் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, மறு கையை ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

கருவி நல்லதா என்று விலைச்சீட்டு சொல்லாது. அதைப் பிடித்த கை சாயங்காலம் சொல்லும்.