காரின் அழுக்கை எடுப்பது எப்படி? தேங்காய் நாரில் தொடங்கிய ஒரு வரலாறு

இந்தக் கட்டுரை நான் செய்த ஒரு தவறில் இருந்து தொடங்குகிறது.

என் மாமா பேராவூரணியில் சொந்தமாக ஒரு கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். மெரூன் நிற வண்டி. முகூர்த்த நாட்களில் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டியைத்தான் கேட்பார்கள். அது பளபளவென்று இருந்தால்தான் அடுத்த முகூர்த்தத்துக்கும் ஆள் வரும். ஒரு விடுமுறையில் நான் அங்கே போயிருந்தபோது, புதிதாகத் தார் போட்ட சாலையில் வந்ததால் கதவுகளின் கீழ்ப்பகுதி முழுவதும் கரும்புள்ளிகளாக இருந்தன. மாமா தூங்கி எழுவதற்குள் துடைத்து வைத்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

எங்கள் ஊர் தென்னைக்குப் பேர் போனது. தேங்காய் நாருக்கா பஞ்சம்? சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். தார் அசையவில்லை. பிறகு பாத்திரம் துலக்கும் பச்சை நாரை எடுத்து அழுத்தித் தேய்த்தேன். தார் போய்விட்டது! வெயில் ஏறியதும்தான் தெரிந்தது, தாரோடு பளபளப்பும் போயிருந்தது. இரண்டு கதவுகளிலும் வெள்ளை வெள்ளையாகக் கீறல்கள்.

மாமா பார்த்தார். "விடு மாப்ளே, தெரியாமத்தானே செஞ்சே" என்றார். ஆனால் பட்டறையில் பெயிண்டர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை: "தம்பி, இந்தத் தடவை பாலிஷ் போட்டு மறைச்சுடலாம். இன்னொரு தடவை இப்படித் தேய்ச்சா பெயிண்ட்தான் அடிக்கணும்." வண்டி பட்டறையில் நின்ற நாட்களில் வந்த முகூர்த்தத்துக்கு வேறு வண்டி போனது.

அழுக்கை எடுக்க எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது என்பதை மனிதர்கள் எப்படிக் கற்றுக்கொண்டார்கள்? அன்று எழுந்த இந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்ததைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தக் கருவிகளில் இரண்டு குடும்பங்கள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒன்று தேய்த்து எடுப்பது. இன்னொன்று ஒற்றி எடுப்பது.

தேய்க்கும் குடும்பம்

தேய்ப்பதில் மிகக் கடுமையானது மணல் வீச்சு. 1870ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்ஜமின் டில்மன் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். மணலை வேகமாக வீசி அடித்தால் துரு, பழைய பூச்சு, கறை எல்லாமே பறந்துவிடும். ஆனால் மணலுக்கு அழுக்கு எது, பொருள் எது என்ற வேறுபாடு தெரியாது. நம் ஊர்க் கோயில்களில் கற்சுவர்களின் சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் அகற்ற இதைப் பயன்படுத்தியபோது கல்வெட்டு எழுத்துகளும் சேர்ந்து தேய்ந்தன. ஆயிரம் ஆண்டு மழையில் அழியாத எழுத்து ஒரே நாளில் மழுங்கிவிடும்!

அடுத்து உப்புத்தாள். 1921ஆம் ஆண்டு அமெரிக்காவின் 3எம் நிறுவனம் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கக்கூடிய உப்புத்தாளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் பட்டறைகளில் இதைத்தான் 'வாட்டர் பேப்பர்' என்கிறார்கள். உலர்ந்த தாளில் தேய்த்தால் தூசி பறக்கும், பூச்சும் கீறும். தண்ணீர் விட்டுத் தேய்க்கும்போது இரண்டும் குறைந்தன. கார்த் தொழிலுக்கு இது பெரிய வரமாக அமைந்தது.

அந்தக் காலத்தில் காரின் மேற்பூச்சும் மாறிக்கொண்டிருந்தது. ஆரம்பகாலக் கார்களுக்குக் குதிரை வண்டியைப் போலவே தூரிகையால் வார்னிஷ் பூசினார்கள். ஒவ்வொரு பூச்சும் காய்ந்து வேலை முடியப் பல வாரங்கள் ஆயின. டூபான்ட் நிறுவனம் 'டூக்கோ' என்ற பெயரில் உருவாக்கிய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு 1924ஆம் ஆண்டின் ஓக்லண்ட் கார்களில் நீல நிறமாக வந்தது. வாரக்கணக்கில் ஆன வேலை மணிக்கணக்கில் முடிந்தது. இன்றும் நம் ஊர் பெயிண்டர்கள் 'டூக்கோ' என்று சொல்வது அந்தப் பழைய வியாபாரப் பெயரைத்தான்.

இந்த வகைப் பூச்சைத் தேய்த்தால்தான் பளபளப்பு வரும். மங்கினாலும் மீண்டும் தேய்க்கலாம். 'ரப்பிங் காம்பவுண்ட்' போட்டுத் தேய்த்தால் துணியில் காரின் நிறமே ஒட்டும். ஆகவே தேய்ப்பதே சுத்தம் என்ற எண்ணம் பல தலைமுறைகளாகப் பட்டறைகளில் நிலைத்துவிட்டது.

1980களில் நிலைமை மாறியது. நிறப்பூச்சின் மேல் நிறமற்ற ஒரு பூச்சு அடிக்கும் முறை பரவியது. இதற்கு 'கிளியர் கோட்' என்று பெயர். இன்று நாம் காணும் பளபளப்பு இந்தப் பூச்சினுடையது. அதன் கனம் சுமார் 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் 20இல் ஒரு பங்கு. நம் தலைமுடியை விடவும் மெல்லியது! ஒவ்வொரு முறை கட்டிங் பாலிஷ் போடும்போதும் இதில் கொஞ்சம் குறைகிறது. வெயிலைத் தாங்குவதும் இந்தப் பூச்சுதான். பெயிண்டர் எச்சரித்ததன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஒற்றி எடுக்கும் குடும்பம்

இந்தக் குடும்பத்தின் வரலாறும் பழமையானது. ரோமில் மைக்கேலாஞ்சலோ வரைந்த சிஸ்டைன் சிற்றாலய ஓவியங்களில் மெழுகுவத்திப் புகை படிந்தபோது, 1625ஆம் ஆண்டு சிமோனே லாகி என்பவர் துணியாலும் ரொட்டியாலும் அவற்றைச் சுத்தம் செய்தார். ஆம், சாப்பிடும் ரொட்டிதான்! மென்மையான ரொட்டி புகைக்கரியைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளும்.

அதே யோசனையின் இன்னொரு வடிவம் 1930களில் அமெரிக்காவில் வந்தது. நிலக்கரி அடுப்புகளால் வீட்டின் சுவர்த்தாள்களில் கரி படிந்தது. நனைத்தால் தாள் கெட்டுவிடும். எனவே குட்டோல் என்ற நிறுவனம் பிசைந்த மாவு போன்ற ஒரு பொருளை விற்றது. அதைச் சுவரில் உருட்டினால் கரி ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பின்னாளில் நிலக்கரி அடுப்புகள் குறைந்ததும் விற்பனை படுத்தது. அந்த மாவே 1956ஆம் ஆண்டு 'பிளே டோ' என்ற குழந்தை விளையாட்டுப் பொருளாக மாறியது!

நம் மாவட்டத்துக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள உள் திருச்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்கள் இருந்தன. 1931ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, மேல்பூச்சு உதிர்ந்த இடங்களில் அடியில் வேறு ஓவியங்கள் இருப்பதைக் கண்டார். அவை ராஜராஜ சோழன் காலத்தவை, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு பழமையானவை. சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலைக்குச் செல்லும் காட்சி அவற்றில் ஒன்று.

இப்போது என்ன செய்வது? மேலே இருப்பதும் ஓவியம், கீழே இருப்பதும் ஓவியம். சுரண்டினால் நாயக்கர் ஓவியம் அழியும், விட்டுவிட்டால் சோழர் ஓவியம் தெரியாது. சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன், 1930களிலேயே அந்தச் சுவரின் பூச்சு எப்படிப் போடப்பட்டது என்று ஆராய்ந்தார். அதாவது, கை வைப்பதற்கு முன்பே அடியில் இருப்பது என்ன என்ற கேள்வி கேட்கப்பட்டது. பிற்காலத்தில் இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவினர் நாயக்கர் ஓவியப் பூச்சைச் சேதமின்றிப் பெயர்த்தெடுத்துக் கண்ணாடி இழைப் பலகைகளில் பொருத்தினார்கள். இரண்டு ஓவியங்களும் பிழைத்தன. ஒற்றி எடுக்கும் கலைக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

காருக்கு வந்த களிமண்

இந்தக் குடும்பம் காருக்கு வந்தது ஜப்பானில் இருந்து. ரயில் சக்கரமும் தண்டவாளமும் உரசும்போது நுண்ணிய இரும்புத்தூள் பறக்கிறது. பிரேக்கில் இருந்தும் அப்படியே. அது சூடாகப் பூச்சில் பதிந்து, துருப்பிடித்துச் செம்புள்ளியாகிறது. கழுவினால் போகாது. இதற்காக டடாவோ கொடாட்டே என்ற ஜப்பானியர் குழைவான பிசினில் மிக நுண்ணிய அராவும் துகள்களைக் கலந்து ஒரு கட்டியை உருவாக்கினார். 1995ஆம் ஆண்டு அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இன்று இதைக் 'கிளே பார்' என்கிறார்கள். சோப்புத் தண்ணீர் வழுக்கலில் மெதுவாக நகர்த்தினால், மேலே துருத்திக்கொண்டிருக்கும் துகளை மட்டும் பிடுங்கிக்கொண்டு வரும். ஆனால் இதிலும் அராவும் துகள் உண்டு. வறட்சியாகத் தேய்த்தால் இதுவும் கீறும். கீழே விழுந்தால் மண் ஒட்டிக்கொள்ளும், தூக்கி எறிந்துவிட வேண்டியதுதான்.

எதை எப்போது எடுப்பது?

இப்போது மாமாவின் வண்டிக்கு நாங்கள் கடைப்பிடிக்கும் வரிசை இதுதான்.

1. முதலில் வெறும் தண்ணீர். அறுவடைக் காலத்தில் நெல் தூசியும் மண்ணும் படிந்திருக்கும். அதன்மேல் துணி வைத்தால் துணியே உப்புத்தாள் ஆகிவிடும்.

2. பறவை எச்சத்தின் மேல் ஈரத்துணியைப் போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். சுரண்டக் கூடாது.

3. தார் எண்ணெயில் இளகும். தேங்காய் எண்ணெய் தடவிச் சிறிது நேரம் விட்டு மென்மையான துணியால் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

4. செம்புள்ளிகளுக்கு இரும்பைக் கரைக்கும் திரவம் உண்டு. தயோகிளைகோலேட் என்ற வேதிப்பொருள் இரும்புடன் சேர்ந்து ஊதா நிறமாக வழியும். கழுவிவிட்டால் போதும்.

5. இத்தனைக்குப் பிறகும் விரல்களில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டித் தடவும்போது சொரசொரப்பு தெரிந்தால் மட்டுமே கிளே பார். பாலிஷ் கடைசி. அதுவும் கீறல் இருந்தால்தான்.

எல்லாமே நிழலில் செய்ய வேண்டும். வெயிலில் ஆழ்குழாய்த் தண்ணீர் காய்ந்தால் உப்புக்கறை புதிய அழுக்காகிவிடும்.

மூன்றாவது வரியை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. தென்னை ஊர்க்காரனாகிய நான் அன்று நாரை எடுத்தேன். அதே தேங்காயின் எண்ணெயை எடுத்திருந்தால் மாமாவுக்கு ஒரு முகூர்த்தம் தவறியிருக்காது.

என் அம்மாச்சி அடிப்பிடித்த பாத்திரத்தைக் கண்டால் உடனே தேய்க்க மாட்டார். தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, "ஊறட்டும், தானா விடும்" என்பார். தஞ்சாவூர்ச் சுவரின் முன் நின்ற வேதியியலாளர்களும், துணியோடு ரொட்டியை எடுத்த லாகியும், எங்கள் அம்மாச்சியும் ஒரே பள்ளியில் படித்தவர்கள் போலத் தோன்றுகிறது. அழுக்கு எவ்வளவு பிடிவாதமானது என்று பார்த்து நாம் கருவியை எடுக்கிறோம். அதன் அடியில் இருப்பது எவ்வளவு மெல்லியது என்று பார்த்தல்லவா எடுக்க வேண்டும்?