கழற்றத் தெரிந்த கவசம்

போர்க்கவசத்தின் வரலாற்றை எழுதுவோர் அதன் கனத்தையும் வலிமையையும் அளந்து சொல்வர். எந்த அம்பு அதைத் துளைத்தது, எந்தக் குண்டு அதன்மேல் பட்டுத் தெறித்தது என்று கணக்கிடுவர். ஆபத்து வேளையில் அதை எவ்வாறு கழற்றினர் என்று வினவுவோர் மிகச் சிலரே. ஆயினும் மனிதர் கவசம் இல்லாமையால் மட்டும் மடியவில்லை; கவசத்தோடும், சில வேளைகளில் கவசத்தாலேயும் மடிந்திருக்கின்றனர். ஆகவே கழற்றுதலின் வரலாறும் காத்தலின் வரலாற்றில் ஒரு பகுதியே.

விவிலியத்தில் இந்த வினாவை முதலில் எழுப்பியவர் இளைஞர் தாவீது. சாமுவேல் முதல் நூலின் 17ஆம் அதிகாரம், கோலியாத்தின் மார்புக்கவசம் 5,000 செக்கேல் வெண்கலம் என்று எடையோடு குறிப்பிடுகிறது. அவனை எதிர்க்கச் சென்ற தாவீதுக்குச் சவுல் அரசர் தம் சொந்தக் கவசத்தையே அணிவித்தார். தாவீது நடந்து பார்த்தார், நடக்க இயலவில்லை, கழற்றி வைத்தார். அரசர் அன்போடு தந்ததை அவர் இகழவில்லை; தமக்குப் பொருந்தாததைச் சுமக்கவும் இல்லை. அரசர்கள் முதல் நூலின் 22ஆம் அதிகாரத்திலோ வேறொரு காட்சியைக் காண்கிறோம். மாறுவேடத்தில் போருக்குச் சென்ற ஆகாபு அரசன்மேல், குறி பாராது எய்யப்பட்ட அம்பு ஒன்று கவசத்தின் இணைப்புகளுக்கு இடையே பாய்ந்தது. மாலை வரை அவன் தேரிலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தான். குருதி தேரின் அடித்தட்டில் வழிந்தோடியது. மாலையில் அவன் இறந்தான். எந்தக் கவசத்திலும் ஓர் இடைவெளி உண்டு என்பதும், அதன் வழியே காயம் உள்ளே புகுந்தபின் வெளியே இருக்கும் உலோகத்தால் பயனில்லை என்பதும் அன்றே எழுதப்பட்டுவிட்ட பாடங்கள்.

இடைக்கால ஐரோப்பாவின் முழு எஃகுக் கவசம் கைத்தொழிலின் உச்சம். பளுதூக்கும் பொறி கொண்டு வீரரைக் குதிரைமேல் ஏற்றினார்கள் என்பது பிற்காலக் கட்டுக்கதை. ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ எடையுள்ள அக்கவசம் உடல் முழுவதும் பகிர்ந்து தாங்கப்பட்டதால், பயிற்சி பெற்றவர் அதை அணிந்து நடக்கவும் குதிரை ஏறவும் முடிந்தது. ஆனால் அதைப் பூட்டவும் கழற்றவும் ஏவலர் ஒருவர் வேண்டும். வாரும் கொக்கியும் நாடாவுமாகப் பல முடிச்சுகள். அவற்றுள் சில அணிந்தவரின் கைக்கே எட்டாதவை. 1415ஆம் ஆண்டு அக்டோபர் 25 அன்று அஜின்கோர்ட் களத்தில், உழுது மழையில் ஊறிய நிலத்தில் நெருக்குண்டு விழுந்த பிரெஞ்சு வீரர் பலர் எழ இயலாமல் சேற்றில் மூச்சுத்திணறி மாண்டனர். அம்பைத் தடுத்த எஃகு மூச்சையும் தடுத்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1461இல் இங்கிலாந்தின் டௌட்டன் போருக்கு முந்தைய நாள், கிளிஃபோர்டு பிரபு தம் கழுத்துக் காப்பைத் தளர்த்திய வேளையில் தொண்டையில் அம்பு பட்டு மாண்டார் என்று மரபு கூறுகிறது. எளிதில் கழலாத கவசம் கல்லறையாகிறது. எண்ணாமல் கழலும் கவசமோ கவசமே ஆகாது. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள குறுகிய பாதையைத் தேடியதே பின்வந்த நூற்றாண்டுகளின் உழைப்பு.

குண்டு துளைக்காத உடையின் வரலாற்றில் துறவி ஒருவரும் இடம்பெறுகிறார் என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். 1893ஆம் ஆண்டு அக்டோபர் 28 அன்று சிகாகோ நகர மேயர் கார்ட்டர் ஹாரிசன் தம் இல்லத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்நகரின் புனித ஸ்தனிஸ்லாவுஸ் கோஸ்கா பங்கில் பணிபுரிந்த போலந்து நாட்டுத் துறவியான கசிமீர் செக்லென், பொதுவாழ்வில் இருப்போரைக் காக்கும் உடை ஒன்றைச் செய்ய முனைந்தார். பட்டு நூலை நெருக்கமாக நெய்து அடுக்கினால் அக்காலக் கைத்துப்பாக்கியின் குண்டு அதில் சிக்கி நிற்கும் என்று கண்டறிந்து, 1897இல் காப்புரிமை பெற்றார். தாமே அவ்வுடையை அணிந்து சோதனைக்கு நின்றார் என்றும் சொல்லப்படுகிறது. தாம் செய்ததைப் பிறருக்கு அணிவிக்குமுன் தம் உடல்மீதே சோதித்துப் பார்க்கும் துணிவு மேய்ப்பருக்கு உரிய குணம் அன்றோ!

ஆயினும் விரைந்து கழற்றுதல் என்பது கவசத்தின் வடிவத்திலேயே இடம்பெறக் காரணமாயிருந்தது வானம். இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்திலிருந்து பறந்த அமெரிக்க எட்டாவது விமானப்படையின் தலைமை மருத்துவர் கர்னல் மால்கம் குரோ, 1942இல் குண்டுவீச்சு விமானிகளின் காயங்களை ஆராய்ந்தார். அவற்றுள் ஏறத்தாழ 70 விழுக்காடு, வேகம் குறைந்த சிதறல்களால் ஏற்பட்டவை என்று கண்டார். அத்தகைய சிதறலை மெல்லிய தகடும் தடுக்கும் அல்லவா? வாள் செய்வதில் புகழ்பெற்ற வில்கின்சன் நிறுவனத்தாரோடு சேர்ந்து, ஈரங்குலச் சதுரமான மாங்கனீசு எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு துணியில் தைத்து மேலுடை ஒன்றை உருவாக்கினார். வாள் வடித்த பட்டறை உயிர்காக்கும் சட்டை தைத்தது.

முன்னும் பின்னும் தகடுள்ள அவ்வுடை ஏறக்குறைய 8 கிலோ. இங்கேதான் சிக்கல் எழுந்தது. விமானம் தீப்பற்றினால் வீரர் வான்குடையோடு குதிக்க வேண்டும். பலருடைய வான்குடைப் பொதியோ மார்பில் உள்ள வாரில் கடைசி நேரத்தில் கொக்கியிட்டு மாட்டப்படுவது. மார்பை மூடிய கவசம் விலகாமல் வான்குடையை மாட்ட இயலாது. சுழன்று விழும் விமானத்தில், கையுறையணிந்த விரல்களால், ஒவ்வொரு பொத்தானாக அவிழ்க்க நேரம் ஏது? ஆகவே முன்புறம் ஓர் இழுவை நாடா அமைக்கப்பட்டது. அதைப் பற்றி இழுத்தால் பிணைப்புகள் விடுபட்டு, உடை முழுவதும் கீழே விழும். காக்கும் கருவியும் தப்பும் கருவியும் ஒன்றுக்கொன்று தடையாகாதபடி செய்த இந்தச் சிறு நாடா, கவச வரலாற்றின் ஒரு திருப்பம் எனலாம். காயங்களை எண்ணிய மருத்துவரின் முயற்சியில் அது பிறந்தது என்பதையும் நாம் கருத வேண்டும்.

1965இல் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வாளர் ஸ்டெஃபனி குவோலெக் கண்டறிந்த வலிய இழையிலிருந்து கெவ்லார் வந்தது. பின்னர் பீங்கான் தகடுகள் சேர்ந்தன. காப்பு கூடியது, எடையும் கூடியது. ஈராக்கில் வண்டிகள் கால்வாய்களில் கவிழ்ந்தபோது பழைய வினா மீண்டும் எழுந்தது. மார்பில் குண்டு பட்டவருக்கு மற்றொரு நெருக்கடி: நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கி அழுத்தத் தொடங்கினால், சில நிமிடங்களுக்குள் மருத்துவர் மார்பை அடைந்து அக்காற்றை வெளியேற்ற வேண்டும். உயிரைக் காத்த கவசமே அப்போது மருத்துவரின் கையைத் தடுக்கும் சுவராகிறது. 2007இல் அமெரிக்கத் தரைப்படை வழங்கத் தொடங்கிய மேம்பட்ட மேலுடையில் இதற்கு விடை தேடினர். அதன் பகுதிகள் வளையங்களால் இணைக்கப்பட்டு, அவ்வளையங்களின் ஊடே கம்பிவடம் ஒன்று செல்லும். முன்புறம் மறைவாக உள்ள பிடியை ஒரு முறை இழுத்தால் வடம் உருவிக்கொண்டு வரும். உடை துண்டு துண்டாகப் பிரிந்து விழும்.

சொல்ல எளிது, வடிவமைக்க அரிது. பிடி, காயமுற்றவரின் ஒற்றைக் கைக்கு எட்ட வேண்டும். இருளிலும், தலைகீழாகத் தொங்கும்போதும் தடவி அறியத்தக்கதாக வேண்டும். அவர் நினைவிழந்தால் உதவ வருபவரும் அதை அறிந்திருக்க வேண்டும். எனினும் முட்புதரிலோ வண்டிக் கதவிலோ சிக்கித் தானாக உருவிவிடலாகாது; எதிரியின் கைக்கு எளிதில் அகப்படலாகாது. பிரிந்ததை மீண்டும் கோக்கவும் இயல வேண்டும். இவை அனைத்துக்கும் மேலாகப் பயிற்சி வேண்டும். அமைதி வேளையில் இழுத்துப் பழகாத கை, அபாய வேளையில் பிடியைத் தேடித் தடுமாறும்.

போர்க்கருவியின் வரலாற்றைச் சிந்தனைக்கு எடுப்பது குருத்துவப் பணிக்குத் தகுமா என்று சிலர் வினவலாம். திருத்தூதர் பவுலே எபேசியருக்கு எழுதிய திருமுகத்தில் உண்மையை இடைக்கச்சையாகவும் நீதியை மார்புக்கவசமாகவும் அணியச் சொல்கிறார். அது ஒருபோதும் கழற்ற வேண்டாத கவசம். எபிரேயர் திருமுகமோ, சுமையாய் இருக்கும் அனைத்தையும் உதறிவிட்டு ஓட அழைக்கிறது. இரண்டையும் ஒருசேரக் கேட்கும்போதுதான் நமக்குத் தெளிவு பிறக்கிறது. இறைவன் தந்த கவசம் வேறு; அதன்மேல் நாமாகத் தைத்துக்கொண்ட தகடுகள் வேறு. 1522ஆம் ஆண்டு மார்ச் மாதம் மோன்செராத் மலையில், அன்னையின் திருவுருவத்தின் முன் இரவெல்லாம் விழித்திருந்து, லொயோலா இஞ்ஞாசியார் தம் வாளைக் களைந்து வைத்தார். அன்று அவர் எளியவரானார், வலுவிழக்கவில்லை.

திருச்சபையாகிய நமக்கும் இவ்வேறுபாடு உயிர்ப்பிரச்சினையாயிற்று. சிறாருக்கு எதிராகக் குருக்கள் சிலர் இழைத்த கொடுமைகளில், நற்பெயர் காக்கவென்று அணிந்த மௌனம் எத்தனை இடங்களில் காயத்தை மூடி மறைத்தது! பாதிக்கப்பட்டோர் உள்ளே குருதி சிந்தினர்; மருத்துவரின் கை அவர்களை எட்டவில்லை. 2019ஆம் ஆண்டு டிசம்பர் 17 அன்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் இத்தகைய வழக்குகளிலிருந்து திருப்பீட இரகசியக் காப்பை நீக்கினார். ஒப்புரவு அருளடையாளத்தின் முத்திரையை அது தொடவில்லை. கழற்ற இயலாததை விட்டுவிட்டுக் கழற்ற வேண்டியதைக் கழற்றியது. அந்தப் பிடி எட்டும் தொலைவில்தான் இருந்தது. அதை இழுக்கத்தான் நெடுங்காலம் ஆயிற்று. அத்தாமதத்தின் விலையைச் சிறியோர் கொடுத்தனர்.

பங்கிலும் குடும்பத்திலும் துறவற இல்லத்திலும் நாம் பல காப்புகளை அணிந்திருக்கிறோம்: பதவி, மரபு, மரியாதை, வாய்திறவாமை. அவற்றுள் பல ஒரு காலத்தில் உண்மையாகவே உயிர் காத்தவை. அவற்றை இகழ வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் குறித்து மூன்று வினாக்களை எழுப்புவது நம் கடமை. இதைக் கழற்றும் பிடி எங்கே உள்ளது? காயமுற்றவரின் கைக்கு அது எட்டுமா? உதவ வருபவருக்கு அந்த இடம் தெரியுமா? அமைதி நாள்களிலேயே இவற்றுக்கு விடை கண்டு, இழுத்துப் பழகிவைப்போமாக. நீதி என்னும் மார்புக்கவசம் நம்மோடு நிலைக்கும். மற்றவை கழன்று விழட்டும்.