முதல் 750 மீற்றர்

கடலில் 750 மீற்றர் நீச்சல், துவிச்சக்கர வண்டியில் 20 கிலோமீற்றர், பின்னர் 5 கிலோமீற்றர் ஓட்டம். இடையில் ஓய்வில்லை; உடை மாற்றும் நேரமும் கணக்கில் சேரும். 'ஸ்பிரின்ட் ட்ரையத்லன்' எனப்படும் போட்டியின் அளவு இவ்வளவே. 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கினுள் நுழைந்த ட்ரையத்லனில் இது சரிபாதி.

கல்முனைக் கரையில் இதற்குப் பயிற்சி செய்ய விழையும் ஒருவருக்கு ஓட்டமும் வண்டியும் பெரிய வில்லங்கமல்ல. மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தெற்கே இறங்கும் பிரதான வீதி மேடுபள்ளமற்றது. சைக்கிளோ மீன்பெட்டியும் நெல்மூட்டையும் சுமந்து பழகிய வாகனம். முதலில் வரும் 750 மீற்றர்தான் வேறு கதை. அதனைச் சொல்வதற்கு முன் இவ்விளையாட்டின் பிறப்பைச் சற்றுப் பார்ப்போம்.

அமெரிக்காவின் சான் டியகோ நகரின் மிஷன் பே கடற்கரையில், 1974 செப்டெம்பர் 25, ஒரு புதன்கிழமை மாலை, ஜாக் ஜோன்ஸ்டனும் டொன் ஷனஹனும் முதல் ட்ரையத்லனை நடத்தினர். அங்கே நீச்சல் முதலில் அன்று, இறுதியில்தான் வந்தது. பிந்தியவர்கள் நீந்தியபோது இருட்டிவிட்டது. கார்களின் முகப்பு விளக்குகளை நீரின் பக்கம் திருப்பிக் கரையைக் காட்டினார்கள். வேலை முடிந்து வந்தவர்கள், பரிசுப் பணம் ஏதுமின்றி, விளையாட்டுக்காக விளையாடிய மாலை அது.

அன்று ஓடியவர்களில் ஜோன் கொலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவரது மனைவி ஜூடியும் இருந்தனர். பின்னர் ஹவாயில் ஒரு விருந்தில், ஓடுபவனா நீந்துபவனா உடல்வலுவில் சிறந்தவன் என்ற வாய்த்தர்க்கம் எழுந்தது. அங்கு ஏற்கெனவே நடந்துவந்த மூன்று போட்டிகளையும் ஒன்றாகக் கோர்த்துவிடலாம் என்றார் கொலின்ஸ். 1978 பெப்ரவரி 18இல் 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தனர். 'அயன்மேன்' பிறந்தது. அதன் அரை அளவுப் போட்டி 2018இல் கொழும்புக்கும் வந்தது. தொலைக்காட்சியும் விளம்பரமும் நெடுந்தூரப் போட்டியைத் தூக்கிப் பிடித்தன; 1974இன் அந்த எளிய மாலைக்கு நெருங்கியது குறுந்தூரப் போட்டியே என்பது என் எண்ணம்.

நம் நாட்டில் இப்பெயரை எவரும் அறியாத காலத்திலேயே இத்தகைய மனிதர்கள் இருந்தார்கள். 1954இல் தொண்டைமானாறு நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 மார்ச்சில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திச் சென்று, நீந்தியே திரும்பினார்; எடுத்த நேரம் 51 மணித்தியாலம். 1979 மே மாதத்தில் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணித்தியாலத்துக்கும் மேலாக இடைவிடாது சைக்கிள் ஓட்டினார். நீச்சலும் வண்டியும் ஒரே உடலில் சேர்ந்திருந்தன! தொழிலால் அவர் சட்டத்தரணி. விளையாட்டு அவருக்குப் பிழைப்பன்று. 1984 ஓகஸ்ட் 6இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர்நீத்தார். (சாதனைகளின் எண்ணிக்கையைச் சொல்லும் அளவுக்கு அவரது அன்றாடப் பயிற்சியைப் பற்றி நாம் எழுதுவதில்லை.)

ஆனால் பாக்கு நீரிணையின் கடல் ஆழம் குறைந்தது. கிழக்குக் கரையில் கண்டமேடை ஒடுங்கியது. சிறிது தூரத்திலேயே கடல் ஆழ்ந்துவிடும். கார்த்திகை தொடங்கி மாசி வரை வாடைக்காற்றில் அலை கொந்தளிக்கும்; அப்போது எவரும் நீந்தலாகாது. கடல் அடங்கும் நடு ஆண்டிலோ மேற்கே வயல்வெளியைத் தாண்டி உலர்ந்த கச்சான் காற்று வீசும். வடக்குத் தெற்காகக் கிடக்கும் வீதியில் அது சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளும். நீச்சலுக்கு உகந்த பருவம் வண்டிக்குக் கொடியது. ஆகவே பயிற்சி முழுவதையும் சுபஹ் தொழுகைக்கும் வெயில் ஏறுவதற்கும் இடைப்பட்ட நேரத்துள் அடக்க வேண்டியிருக்கும். நோன்பு மாதம் நடு ஆண்டில் வரும் காலங்களில் அதுவும் கூடாது. இப்தாருக்குப் பின் இரவோட்டம் மட்டுமே மிஞ்சும்.

இவையெல்லாம் காற்றின் கணக்கு. 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, வேறொரு கணக்கை எழுதியது. இலங்கையில் ஆழிப்பேரலைக்கு அதிக உயிர்களைக் கொடுத்தது அம்பாறை மாவட்டமே. இறந்தோர் 10,000க்கும் மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஊர்களில் வீடுகள் கடலை ஒட்டி நெருங்கியிருந்தன. மேற்கே வயலும் நீர்நிலைகளும் இருக்க, மக்கள் விலகிக் குடியேற இடமில்லை. பின்னர் கிழக்கில் 200 மீற்றர் தடைவலயம் என்று அரசு அறிவித்தபோது, காணியற்ற இவ்வூர்கள் எங்கே போவது என்ற கேள்வி எழுந்தது. அந்தத் தடை பின்னர் தளர்த்தப்பட்டது. பிள்ளையைக் கடலுக்கு அனுப்பும் தாயின் அச்சத்தை எந்த வர்த்தமானி அறிவித்தலும் தளர்த்திவிட முடியாது.

அச்சத்துக்கு உடலியல் நியாயமும் உண்டு. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை ட்ரையத்லன் போட்டிகளில் நேர்ந்த மரணங்களும் உயிர்மீட்கப்பட்ட இதய நிறுத்தங்களுமாக 135 சம்பவங்களை ஆய்வாளர் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டனர். அவற்றுள் 90 நீச்சலின்போது நேர்ந்தவை. குளத்தில் நன்றாக நீந்துபவனும் திறந்த கடலில், கூட்டத்தின் நடுவே, மூச்சுத் தப்பிப் பதறுகிறான்.

எனவே இக்கரையில் தொடங்குபவர் 750 மீற்றரை கரையிலிருந்து நேரே கடலுக்குள் அளக்கக் கூடாது. இடுப்பளவு நீரில், கரைக்கு இணையாக, முகத்துவாரங்களை விட்டு விலகி அளக்க வேண்டும். தனியே இறங்கக் கூடாது. கரைவலை இழுப்பவர்களிடம் அன்றைய நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கேட்டறிய வேண்டும். எந்தப் பயிற்சிக் கையேட்டையும் விட அவர்களுக்கு அது நன்கு தெரியும். பக்கத்தில் ஒரு தோணி வருமானால் மிக நல்லது. ஆனந்தன் பாக்கு நீரிணையைக் கடந்தபோதும் துணைக்குப் படகு சென்றது.