ஓல்ட் டவுன் ரோடு

ஓல்ட் டவுன் ரோடு: அமெரிக்க ஐக்கிய நாட்டு ஜார்ஜியா மாநிலத்துப் பாடகர் லில் நாஸ் எக்ஸ் (இயற்பெயர் மான்டெரோ லமார் ஹில், பிறப்பு 1999) பாடி, 2018 டிசம்பரில் வெளியான தனிப்பாடல். கன்ட்ரி எனப்படும் அந்நாட்டுக் கிராமிய சங்கீதத்தின் சாயலும் ஹிப்-ஹாப்பின் தாளக்கட்டும் இதில் கலந்துள்ளன. நைன் இஞ்ச் நெயில்ஸ் குழுவினரின் 2008-ஆம் ஆண்டு வாத்திய இசைத் தொகுதியொன்றிலிருந்து ஒரு பாஞ்சோப் பகுதியை எடுத்து, அதன்மேல் கனத்த தாளத்தை ஏற்றி, நெதர்லாந்து இளைஞர் யங்கியோ இணையத்தில் விற்பனைக்கு வைத்திருந்த இசையை, அப்போது பிரசித்தி ஏதுமற்ற லில் நாஸ் எக்ஸ் 30 டாலருக்கு வாங்கி, அட்லான்டா நகரில் பாடிப் பதிவு செய்தார். இரண்டு நிமிஷத்துக்கும் குறைவான இப்பாடல் டிக்டாக் காணொளிகளின் வாயிலாக நாடெங்கும் பரவிற்று.

வகைப்பாடு: இது எந்த ஜாதி சங்கீதம் என்ற விவாதத்தின் வேர் 1920-களில் இருக்கிறது. தென்மாநிலங்களில் கறுப்பரும் வெள்ளையரும் ஒருவர் பாட்டை மற்றவர் சுவீகரித்துப் பாடிவந்த காலத்திலேயே, இசைத்தட்டுக் கம்பெனிகள் கறுப்பர் பாடியவற்றை ‘ரேஸ்’ என்றும் வெள்ளையர் பாடியவற்றை ‘ஹில்பில்லி’ என்றும் வெவ்வேறு பட்டியல்களில் விற்றன. ராகலட்சணத்துக்கும் இப்பிரிவினைக்கும் சம்பந்தம் சொற்பமே. கன்ட்ரியின் அடையாளமாகக் கருதப்படும் பாஞ்சோவே ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்த வாத்தியம். நாஷ்வில் நகரின் கிராண்ட் ஓலே ஆப்ரி வானொலி நிகழ்ச்சியின் ஆரம்பகால நட்சத்திரங்களுள் ஒருவரான டிஃபோர்ட் பெய்லியும் கறுப்பரே. ராப் பாடகர் நெல்லி பங்குகொண்ட புளோரிடா ஜார்ஜியா லைன் இரட்டையரின் க்ரூஸ் பாடலை 2013-இல் தன் கன்ட்ரிப் பாடல் தரவரிசையின் தலையிலேயே வைத்திருந்த பில்போர்டு பத்திரிகை, 2019 மார்ச்சில் ஓல்ட் டவுன் ரோடு பாடலை அவ்வரிசையில் சேர்த்துவிட்டு, இக்காலக் கன்ட்ரியின் அம்சங்கள் போதவில்லை என்று கூறி நீக்கிவிட்டது. நீக்கம் பிழையானதே.

மறுபதிப்பு: அந்நீக்கத்தை அடுத்து, 2019 ஏப்ரலில், கன்ட்ரிப் பாடகர் பில்லி ரே சைரஸ் உடன்பாடிய மறுபதிப்பு வெளிவந்தது; பாடல் பில்போர்டின் பொதுவரிசையில் 19 வாரங்கள் முதலிடத்தில் இருந்து, 16 வாரமாக இருந்த முந்தைய உச்சத்தைக் கடந்தது.

காட்சிப்படம்: கால்மேட்டிக் இயக்கத்தில் 2019 மே மாதம் வெளியானது. 1889-இல் குதிரைமீது தப்பியோடும் நாயகன், துப்பாக்கிக்கு அஞ்சிச் சுரங்கமொன்றில் குதித்து, இக்கால நகரத் தெருவில் வந்து விழுகிறான்; முடிவில் முதியோர் பிங்கோ ஆடும் கூடத்தில் சைரஸோடு பாடுகிறான். நகைச்சுவை நடிகர் கிறிஸ் ராக் சட்டாதிகாரி வேடமேற்றிருக்கிறார். மேற்கத்திய சினிமா பெரும்பாலும் மறந்துவிட்ட கறுப்பு மாடுமேய்ப்பரை இப்படம் ஹாஸ்யமாகவேனும் மறுபடி குதிரையேற்றியது.

பிற்காலம்: 2020-இல் இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன. 2024-இல் ஷபூஸி என்னும் கறுப்பினப் பாடகரின் எ பார் சாங் 19 வார முதலிடத்தைச் சமன் செய்தது. அது கன்ட்ரி வரிசையிலும் முதலிடம் பெற்றது.