ஒப்பந்தப்புள்ளிக் கூட்டுச்சதி வழக்குகள்

அரசாங்க ஒப்பந்தங்களுக்கு விலைகோருவோர் தம்முள் இரகசியமாக உடன்பட்டுப் போட்டியை நாசஞ்செய்வதை எதிர்க்கும் இவ்வழக்குகளில், திருவண்ணாமலை போன்ற க்ஷேத்திரத்து ஒப்பந்ததாரரின் வழக்கறிஞர் இருவேறு சட்டங்களில் பாண்டித்தியம் உடையவராதல் அவசியம். மாநிலத்தின் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி அரசிடம் மேல்முறையீடு செய்து, பின்னர் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடலாம்; கூட்டுச்சதியோ 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்கீழ் டில்லியிலுள்ள போட்டி ஆணையத்தின் விசாரணைக்குரியது.

இத்துறையின் பிரதான முன்னுதாரணம், இந்திய உணவுக் கழகம் தானியக் கிடங்குகளுக்குப் பூச்சிகொல்லி மாத்திரை வாங்க 2009இல் கோரிய ஒப்பந்தப்புள்ளியில், நிறுவனங்கள் 388 ரூபாய் என ஒரே விலையைக் குறித்த வழக்காகும்; ஏழைகளின் பங்கீட்டு அரிசியைக் காக்கும் மருந்திலேயே நிகழ்ந்த இவ்வக்கிரமத்தை 2017இல் உச்சநீதிமன்றம் குற்றமென உறுதிசெய்தபோதிலும், அபராதத்தை அப்பொருளின் விற்றுமுதலளவில் மட்டுமே கணிக்கப் பணித்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நிறுவனத்தின் உலகளாவிய விற்றுமுதல் வரை விரித்தமை நியாயமே.