‘டிக்... டிக்...’: சாகப்போற ஹார்ட் டிஸ்க்கைக் கண்டுபிடிச்ச கதை

இதைக் கேக்குற நிறைய பேர் வீட்டுல ஒரு பழைய கம்ப்யூட்டர் மூலையில கிடக்கும். அதுக்குள்ள அக்கா கல்யாண வீடியோ, காலேஜ் போட்டோ, தாத்தா பேசின ஒரு ஆடியோன்னு ஏதோ ஒண்ணு வேற எங்கயும் காப்பி இல்லாம இருக்கும். ஒரு நாள் ஆன் பண்ணா உள்ளேயிருந்து ‘டிக்... டிக்...’னு சத்தம். டிஸ்க் போகப் போகுது. இதை முன்னாடியே எப்படித் தெரிஞ்சுக்கிறது? தெரிஞ்சதும் என்ன செய்யறது? இந்த ரெண்டு கேள்விக்கும் பின்னால கிட்டத்தட்ட 70 வருஷ வரலாறு இருக்கு. இன்னைக்கு அதைத்தான் பாக்கப் போறோம்.

முதல் ஹார்ட் டிஸ்க் 1956-ல வந்தது. கலிஃபோர்னியாவுல சான் ஹோசே ஊர்ல இருந்த ஐ.பி.எம். குழு அதை உருவாக்குச்சு. அந்தக் கம்ப்யூட்டரோட பேர் ரேமாக். 24 அங்குல அகலத்துல 50 தட்டு, எடை ஒரு டன்னுக்கு மேல. அவ்வளவு பெருசு இருந்தும் அதுல அடங்கினது 50 லட்சம் எழுத்துதான். இன்னைக்கு உங்க போன்ல எடுக்குற ஒரு நல்ல போட்டோவே அதுல அடங்காம போகலாம். கம்பெனிகள் இதைப் பெரும்பாலும் மாச வாடகைக்குத்தான் எடுத்தாங்க. அதனால கெட்டுப்போனா அது ஐ.பி.எம். தலைவலி. அவங்க ஆளே வந்து பிரிச்சுப் பார்த்து சரி பண்ணிட்டுப் போவார்.

1973-ல ‘வின்செஸ்டர்’னு செல்லப்பேர் வெச்ச ஒரு டிஸ்க்கை அதே ஐ.பி.எம். கொண்டுவந்துச்சு. தட்டையும், அதைப் படிக்கிற ஹெட்டையும் ஒரே பெட்டிக்குள்ள போட்டு மூடிட்டாங்க. காரணம் தூசி. தட்டு சுத்தும்போது ஹெட் அதைத் தொடாது, மெல்லிய காத்துப் படலத்து மேல மிதக்கும். இன்னைய டிஸ்க்ல அந்த இடைவெளி சில நானோமீட்டர்தான். ஒரு தலைமுடியோட தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர்னா, ஒரு தூசி உள்ள போனா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. ஆக, மூடி வெச்ச அன்னைக்கே வீட்டுல பிரிச்சுப் பழுது பாக்குற கதை முடிஞ்சுபோச்சு.

1980-ல சீகேட் கம்பெனி 5 எம்.பி. கொள்ளளவுல சின்ன டிஸ்க் ஒண்ணு விட்டாங்க. 1983-ல ஐ.பி.எம். பி.சி. எக்ஸ்டி 10 எம்.பி. டிஸ்க்கோட வந்துச்சு. டிஸ்க் மேஜைக்கு வந்த மாதிரியே, அதைக் காப்பாத்துற பொறுப்பும் நம்ம தலைக்கு வந்துச்சு.

அந்தக் காலத்து டிஸ்க்ல ஒரு நேர்மை இருந்தது. புதுசா வாங்கினாலே மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எந்தெந்த இடம் தொழிற்சாலையிலேயே பழுதுன்னு அதுல பட்டியல் போட்டிருப்பாங்க. ஃபார்மட் பண்ணும்போது அந்த இடங்களைத் தவிர்க்கணும். வருஷம் போகப் போக பழுது கூடுச்சுன்னா, நார்ட்டன் டிஸ்க் டாக்டர், ஸ்கேன்டிஸ்க் மாதிரி புரோகிராம் ஓட்டுவாங்க. அதுவும் பழுதை சரி பண்ணாது. ‘இங்க எழுதாதே’ன்னு குறிச்சு வைக்கும், அவ்வளவுதான். எண்ணெய்ப் படலம் ஒட்டிக்கிட்டு தட்டு சுத்தாம நின்ன டிஸ்க்கை, பக்கவாட்டுல லேசா தட்டி ஓட வெச்சவங்களும் உண்டு. ஓடினதும் முதல் வேலையா காப்பி எடுப்பாங்க.

80-களோட பிற்பாதியில ஐ.டி.இ. டிஸ்க் வந்ததும் கதை மாறுது. டிஸ்க்குக்குள்ளயே ஒரு சின்ன மூளை, கொஞ்சம் உபரி இடமும் சேர்ந்தது. ஒரு செக்டர் கெட்டா, அதுல இருக்க வேண்டியதை டிஸ்க்கே சத்தமில்லாம உபரி இடத்துக்கு மாத்திடும். நல்லதுதானே? நல்லதுதான். ஆனா ஸ்டிக்கர்ல வெளிப்படையா இருந்த பழுது இப்ப உள்ளுக்குள்ள ஒளிஞ்சிடுச்சு. நோயை மறைச்சு வெச்சுக்கிட்டு சிரிக்கிற பெரியவங்க மாதிரி, உபரி இடம் தீர்ற வரைக்கும் டிஸ்க் நல்லாத்தான் இருக்கும்.

அப்போ நோயைச் சொல்லவும் டிஸ்க்கையே பழக்கணும் இல்லையா? 1992-ல ஐ.பி.எம். தன்னோட சர்வர் டிஸ்க்குகள்ல அப்படி ஒரு எச்சரிக்கை வசதியை வெச்சது. 1995-ல காம்பேக், டிஸ்க் தயாரிப்பாளர்களோட சேர்ந்து இன்னொண்ணு செஞ்சு, அதை எல்லாருக்கும் பொதுவான தரமாக்க முன்வெச்சது. அதுதான் இன்னைக்கு ‘ஸ்மார்ட்’னு சொல்ற டிஸ்க்கோட மருத்துவக் குறிப்பு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மாதிரி ஒரு இலவச புரோகிராம் போட்டா நீங்களே படிக்கலாம். எண் 5-ல எத்தனை செக்டரை உபரி இடத்துக்கு மாத்தியிருக்குன்னு தெரியும். 197-ல படிக்க முடியாம சந்தேகத்துல நிக்கிற செக்டர் எத்தனைன்னு இருக்கும். இந்த ரெண்டும் ஏறிக்கிட்டே போனா ஆபத்து. 199 மட்டும் ஏறினா, பெரும்பாலும் குத்தம் டிஸ்க்ல இல்லை, கேபிள்ல. அதை மாத்திட்டு, எண் மேல ஏறுதான்னு பாருங்க.

சரி, இந்தக் குறிப்பை எவ்வளவு நம்பலாம்? 2007-ல கூகுள் ஆய்வாளர்கள் தங்களோட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பத்தி ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. டிஸ்க் தன்னைத்தானே சோதிக்கும்போது முதல் பிழை தெரிஞ்சதுன்னா, அடுத்த 60 நாளுக்குள்ள அது செத்துப்போற வாய்ப்பு மத்த டிஸ்க்குகளை விட 39 மடங்கு அதிகம். ஆக, எச்சரிக்கை வந்தா நம்பணும். ஆனா அதே கட்டுரையில இன்னொரு விஷயமும் இருக்கு. செத்துப்போன டிஸ்க்குகள்ல 56 சதவீதத்துக்கு மேல, முக்கியமான நாலு அறிகுறியில ஒண்ணையுமே காட்டல. எச்சரிக்கை வரலைங்கிறதுக்காக நிம்மதியா இருந்துட முடியாது.

இனி ரெண்டாவது கேள்வி. 2003 பிப்ரவரி 1-ம் தேதி கொலம்பியா விண்கலம் வானத்துலயே சிதறுச்சு. 7 பேர் இறந்தாங்க. அதுல இருந்த ஒரு ஹார்ட் டிஸ்க், கருகிப்போன நிலையில டெக்ஸாஸ்ல கிடைச்சது. கிரோல் ஆன்ட்ராக் நிறுவனத்து ஆட்கள் தட்டுகளைச் சுத்தம் பண்ணி, வேற ஒரு டிஸ்க் பெட்டிக்குள்ள மாட்டிப் படிச்சாங்க. சுமார் 99 சதவீதம் டேட்டா திரும்பக் கிடைச்சது. அதுல இருந்த செனான் வாயு பரிசோதனை முடிவுகள் 2008-ல வெளியாச்சு. கவனிங்க, அவங்க அந்த டிஸ்க்கை ‘சரி’ பண்ணல. உள்ள இருந்ததைக் காப்பாத்தினாங்க.

இந்த வரலாறு முழுக்க வர்ற விஷயம் இதுதான். பெட்டி மூடின நாள்ல இருந்து வீட்டுல யாரும் ஹார்ட் டிஸ்க்கை உண்மையில குணப்படுத்தினதில்லை. தள்ளிப்போட்டாங்க, ஒதுக்கிவெச்சாங்க, காப்பி எடுத்தாங்க.

அதனால சத்தம் வந்தா ரிப்பேர் புரோகிராமை ஓட்டாதீங்க. சாகுற டிஸ்க்கை மணிக்கணக்கா ஓட வெச்சா இருக்குற உயிரும் போயிடும். ஃப்ரீசர்ல வைக்கிற வைத்தியமும் வேண்டாம். வெளிய எடுத்ததும் ஈரம் படியும். டிஸ்க் இன்னும் படிக்க முடியுற நிலையில இருந்தா, திரும்பக் கிடைக்காத ஃபைலை முதல்ல காப்பி பண்ணுங்க. லினக்ஸ் தெரிஞ்சவங்களுக்கு டிடிரெஸ்க்யூ இருக்கு. சுலபமா வர்றதை முதல்ல எடுத்துட்டு, அடம்பிடிக்கிற இடத்துக்குக் கடைசியில வரும். ‘டிக் டிக்’ நிக்காம வந்தா பவரை நிறுத்திடுங்க. டேட்டா அவ்வளவு முக்கியம்னா தூசியில்லாத அறை வெச்சிருக்கிற ஆட்கள்கிட்ட கொடுங்க. செலவு அதிகம்தான்.

செலவே இல்லாத வழியும் ஒண்ணு இருக்கு. டிஸ்க் நல்லா ஓடுற இன்னைக்கே ரெண்டாவது காப்பி எடுத்துடறது. எஸ்.எஸ்.டி.க்கு மாறிட்டோம்னு இருக்கவங்களுக்கும் இது பொருந்தும். அது சாகும்போது ‘டிக்’னு கூட சொல்லாது. தாத்தாவோட அந்த ஆடியோ எந்த டிஸ்க்ல இருக்குன்னு இந்த வாரக் கடைசிக்குள்ள தேடிப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.