கறுப்பு டைமண்டும் ஒல்லிப் புத்தகமும்

போன ஞாயிற்றுக்கிழமை பாறசாலையிலிருந்து அக்கா மகன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். பையன் எல்லை தாண்டி குமரி மாவட்டத்தில் இன்ஜினியரிங் படிக்கிறான். "மாமா, யூஎம்எல் ஒண்ணும் மனசிலாகல்ல. நல்ல கைடு ஒண்ணு சொல்லுங்க, செமஸ்டருக்கு மூணு வாரம்தான் இருக்கு" என்றான். சொல்கிறேன் என்று போனை வைத்தேன். வைத்தபிறகுதான் கொசுவத்தி சுற்ற ஆரம்பித்தது. இந்த ஒரு விஷயத்தில் நான் நல்லா சூடு பட்டவன். பதிவு கொஞ்சம் நீளம், பொட்டி தட்டாத மக்கள் பாதியில் எஸ்கேப் ஆனாலும் கோபமில்லை :-)

தெரியாதவர்களுக்கு: மென்பொருள் எழுதுமுன் அதன் அமைப்பைப் படமாக வரைந்து பார்க்கும் குறியீட்டு மொழிதான் யூஎம்எல். வீடு கட்டுமுன் போடும் பிளான் மாதிரி என்று வகுப்பில் சொல்வார்கள். அந்த உவமை பாதிதான் சரி, அதைப் பிறகு சொல்கிறேன்.

1990களின் தொடக்கத்தில் ஆளாளுக்கு ஒரு குறியீடு வைத்திருந்தார்கள். கிரேடி பூச் ஒரு கிளாஸைப் புள்ளிக்கோட்டு மேகமாக வரைந்தார். ஜெனரல் எலக்ட்ரிக்கில் இருந்த ஜேம்ஸ் ரம்பா பெட்டி போட்டார். சுவீடன்காரர் ஐவர் ஜேக்கப்சன், எரிக்சன் கம்பெனியில் வேலை செய்த அனுபவத்திலிருந்து 'யூஸ் கேஸ்' என்பதைக் கொண்டுவந்தார். ஒரே அர்த்தத்துக்கு மூன்று படம். அதைவிடக் கொடுமை, ஒரே படத்துக்கு மூன்று அர்த்தம்.

இந்த இரண்டாவது வியாதி எங்கள் ஊர்க்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1-ம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. பாறசாலை அந்தத் தாலுகாவில்தான். கோடு போட்டவர்கள் கோடு போட்டுவிட்டார்கள், பேச்சு அப்படியெல்லாம் கோட்டில் நிற்குமா? களியக்காவிளை சந்தையில் நின்று பாருங்கள், கேஎல் 19-ம் டிஎன் 75-ம் ஒரே டீக்கடை வாசலில் நிற்கும். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று வளர்ந்தவன் நான். நாகர்கோவில் பெரியம்மாவுக்கு ஒருமுறை "எனக்கு மூணு நாளா பனி" என்று கடிதம் எழுதினேன். எங்களுக்குப் பனி என்றால் காய்ச்சல். பெரியம்மாவோ, சித்திரை மாசத்தில் பாறசாலையில் ஏது பனி என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார். எழுத்து ஒன்றுதான், வாசித்தவருக்குப் பொருள் வேறு.

சரி, கதைக்கு வருவோம். 1994-ல் ரம்பா, பூச் இருந்த ரேஷனல் கம்பெனிக்கு வந்தார். அடுத்த வருஷம் ஜேக்கப்சனும் வந்து சேர்ந்தார். மூன்று பேரும் உட்கார்ந்து பேசி (சண்டையும் போட்டு) ஒரே குறியீடாக்கினார்கள். மேகம் போய்விட்டது, பெட்டி ஜெயித்தது. மேகத்தைக் கையால் நூறு தடவை வரைந்து பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். 1997 நவம்பரில் ஓஎம்ஜி என்ற தர அமைப்பு யூஎம்எல் 1.1-ஐ ஏற்றுக்கொண்டது.

மொழி வந்துவிட்டது, கற்றுக்கொடுக்க வாத்தியார் வேண்டுமே? மூன்று அமிகோக்களும் 1999-ல் தாங்களே ஒரு 'யூசர் கைடு' எழுதினார்கள். கிட்டத்தட்ட 500 பக்கம், தலையணைக்கு ஆகும். அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1997-லேயே, மார்ட்டின் ஃபௌலர் கெண்டால் ஸ்காட்டோடு சேர்ந்து 'யூஎம்எல் டிஸ்டில்ட்' எழுதிவிட்டார். 200 பக்கம்கூட இல்லை. கிரேக் லார்மனின் 'அப்ளையிங் யூஎம்எல் அண்ட் பேட்டர்ன்ஸ்' முதல் பதிப்பும் 1997-தான். பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகம் பாடப் புத்தகமாக வைத்தது லார்மனைத்தான்.

2001-ல் நான் திருவனந்தபுரத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தபோது இதில் ஒன்றையும் பார்த்ததில்லை. எம்சிஏ முடித்தது பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிய கைடை வைத்து. பக்கத்துக்குப் பக்கம் கட்டம் கட்டி, குறி இது, பெயர் இது, இரண்டு மார்க் விடை இது. வெள்ளை டைமண்ட் அக்ரிகேஷன், கறுப்பு டைமண்ட் காம்போசிஷன், இரண்டும் 'ஒன்று மற்றொன்றைக் கொண்டிருப்பது'. கறுப்பு என்றால் 'வலுவான உறவு'. அவ்வளவுதான்.

முதல் பிராஜக்ட் ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு. கிளைகள், ஊழியர்கள், சம்பளக் கணக்கு. கிளைக்கும் ஊழியருக்கும் வலுவான உறவுதானே என்று நான் கறுப்பு டைமண்டைப் போட்டு அனுப்பினேன். அந்தப் பக்கம் கோடு எழுதியவர் படத்தை ஒழுங்காகப் படித்தவர். கறுப்பு டைமண்டுக்கு உண்மையான அர்த்தம், முழுமை அழிந்தால் அதன் பாகங்களும் சேர்ந்து அழியும் என்பது. அவர் அப்படியே எழுதினார். டெஸ்டிங்கில் ஒரு கிளையை மூடினார்கள். அதில் வேலை பார்த்த அத்தனை ஊழியரும், அவர்கள் சம்பள விவரத்தோடு சேர்ந்து காணாமல் போனார்கள்!

டெஸ்டிங் என்பதால் யார் வயிற்றிலும் அடிக்கவில்லை. என் வயிற்றில்தான். போக வேண்டிய ஆன்சைட் வேறொருவருக்குப் போனது, எனக்கு எட்டு மாதம் தள்ளியது. டிக்கெட் வரப்போகிறது என்று அப்பா நெய்யாற்றின்கரையில் சூட்கேஸ்கூட வாங்கிவிட்டிருந்தார். எட்டு மாதமும் அது கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்த எட்டு மாதத்தில்தான் ஃபௌலர் புத்தகத்தின் இந்திய மலிவுப் பதிப்பை வாங்கினேன். டைமண்ட் பக்கத்தைத் தேடி முதலில் படித்தேன். மனிதர் வெள்ளை டைமண்டை உங்கள் படத்தில் போடாமல் விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்! அதற்குத் தெளிவான பொருளே இல்லையாம், ஆளுக்கு ஆள் ஒன்றாகப் புரிந்துகொள்கிறார்களாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கைடு என்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். இவர் எதை விடலாம் என்று சொல்கிறார், இந்தக் குறியைப் போட்டால் கோடில் என்ன ஆகும் என்றும் காட்டுகிறார். என் பஸ் ஸ்டாண்டு கைடில் இல்லாதவை இந்த இரண்டும்தான்.

2003-ல் வந்த மூன்றாம் பதிப்பில் அவர் இன்னொன்றும் செய்தார். யூஎம்எல்லை மூன்று விதமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று பிரித்தார். பேசிப் புரியவைக்கப் போடும் கைக்கிறுக்கல் ஒன்று, கட்டடத்து பிளான் மாதிரி முழு வரைபடம் ஒன்று, படத்தையே நிரலாக ஓட்டுவது ஒன்று. நம் வகுப்புகளில் இரண்டாவதை மட்டும்தான் சொல்லித்தருகிறார்கள். நிஜத்தில்? மரியான் பீட்டர் என்ற ஆய்வாளர் 2013-ல் வெளியிட்ட கட்டுரைக்காக 50 மென்பொருள்காரர்களிடம் பேசினார். 35 பேர் யூஎம்எல்லைத் தொடுவதே இல்லை. 11 பேர் வேண்டிய இடத்தில் வேண்டிய அளவுக்கு மட்டும். முழுசாகக் கடைப்பிடிப்பவர் ஒருவர்கூட இல்லை. முதலில் சொன்ன வீட்டு பிளான் உவமை பாதிதான் சரி என்றது இதனால்தான்.

லார்மன் பாணி வேறு. ஒரு கடை பில் போடும் மெஷினை எடுத்துக்கொண்டு, புத்தகம் முழுக்க அதையே வளர்த்துக்கொண்டு போவார். குறி தேவைப்படும் இடத்தில்தான் குறி வரும். தாத்தா எனக்குத் தமிழ் எழுத்து சொல்லித்தந்தது இப்படித்தான், அரிச்சுவடி வைத்து அல்ல, களியக்காவிளை பஸ் போர்டுகளை வைத்து. பொறுமை உள்ளவர்களுக்கு லார்மன். மூன்று அமிகோக்களின் கைடு சந்தேகம் வந்தால் புரட்ட நல்லது, முதல் புத்தகமாக வேண்டாம். ஓஎம்ஜியின் அதிகாரபூர்வ ஆவணத்தை மறந்தும் திறக்காதீர்கள், 2017-ல் வந்த 2.5.1 கிட்டத்தட்ட 800 பக்கம். முதல் பதிப்புகளில் 9 வகைப் படம் இருந்தது, இப்போது 14 ஆகிவிட்டது. நான் இருபது வருஷத்தில் வரைந்தது நாலைந்து வகைதான்.

இரவு மருமகனைத் திரும்பக் கூப்பிட்டேன். ரெக்கார்டு நோட்டைக் கேமராவில் காட்டினான். பாஸ்போர்ட் ஆட்டோமேஷன், புக் பேங்க், எக்ஸாம் ரெஜிஸ்ட்ரேஷன். 2008 விதிமுறையின் லேப் பட்டியலிலும் இதே பெயர்கள்தான், பையன்கள் சீனியர் நோட்டைப் பார்த்து அப்படியே வரைகிறார்கள் போல. புக் பேங்க் படத்தில் நூலகத்துக்கும் மாணவனுக்கும் நடுவில் ஒரு கறுப்பு டைமண்ட்.

"டேய், நூலகத்தை இழுத்து மூடினா பிள்ளைகள் என்னவாகும்?"

"வீட்டுக்குப் போவாங்க மாமா."

"உன் படத்துல செத்துப் போவாங்க மக்கா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் பென்சில் தேடும் சத்தம் கேட்டது. ஃபௌலர் புத்தகம் என் பழைய பிரதி இங்கே மிசிசாகாவில் பேஸ்மென்ட் அலமாரியில் இருக்கிறது. அடுத்த மாதம் ஊருக்குப் போகும் நண்பர் பெட்டியில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். செமஸ்டர் அதற்குள் முடிந்துவிடும், பரவாயில்லை என்றான்.

டிஸ்கி: அந்த சூட்கேஸ் இன்னும் இருக்கிறது. சக்கரம் ஒன்று போய்விட்டது.